பதினேழாவது பெயர்

கிம் அச்சடித்துக் கொடுத்த கேள்விகள் இருபத்திரண்டு. ஒரு கிழமைக்குள் இருபத்தொரு கேள்விகளுக்கு தக்ஷாயினி விடை தேடிப் பாடமாக்கிவிட்டாள். ஏன் இந்தக் கல்லூரி, ஏன் வணிக முகாமைத்துவம், ஐந்து வருடத்தில் எங்கே நிற்பீர்கள், உங்களுடைய பலவீனம் என்ன. எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதி, வேலைக்குப் போகிற பஸ்ஸிலும் கிணற்றடியிலும் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள். மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கேள்வி. நீங்கள் எடுத்த கடினமான முடிவு ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள்.

2011ஆம் ஆண்டின் கார்த்திகை அது. மட்டக்களப்பில் மழை விடாமல் கொட்டியது. சுனாமிக்குப் பிறகு வந்து நிறைந்த தொண்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தன. தக்ஷாயினி ஏழு வருடமாக வேலை செய்த நிறுவனமும் மார்கழி முப்பத்தொன்றோடு மூடுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டது. இருபத்தேழு வயது. கையில் ஒரு வெளிவாரிப் பட்டம். அந்த நேரத்தில்தான் கொழும்பிலுள்ள ஒரு கல்லூரி, யுத்தம் நடந்த மாவட்டங்களிலிருந்து ஐந்து பேரை முழுப் புலமைப்பரிசிலில் முதுமாணிப் படிப்புக்கு எடுக்கப்போவதாக விளம்பரம் போட்டது. விண்ணப்பித்தாள். நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பாசிக்குடாவில் புதிதாகக் கட்டியிருந்த ஒரு ஹோட்டலில் தேர்வு.

கிம் அவளோடு ஒரே நிறுவனத்தில் வேலை செய்த பறங்கிப் பெண். புளியந்தீவில் வீடு. முன்பக்கம் அவளுடைய அப்பா ஹியூபர்ட்டின் தச்சுப்பட்டறை. பின்பக்க அறையில் இருவரும் எதிரெதிரே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பட்டறையில் சீவுளி இழுக்கிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"இஞ்ச பார் மேன், உன்ட கெட்டித்தனத்த அவங்க சேட்டிபிக்கட்டுல பார்த்துட்டாங்க. உன்ன மாதிரி அம்பது பேர் வருவாங்க. போனதுக்குப் பொறகும் உன்ட முகம் அவங்களுக்கு ஞாபகம் இரிக்கணும். அதுக்கு ஒரு கதை வேணும்" என்றாள் கிம்.

"என்னட்ட என்ன கதை இரிக்கு?"

"வள்ளம் குடுத்த கதை."

தக்ஷாயினி கேள்வித் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் அந்த லிஸ்டப் பார்த்தனான். பதினேழாவது பேர் சிவப்புப் பேனையால வெட்டியிரிந்த. பக்கத்துல உன்ட கையெழுத்து. ஆருக்கும் நான் சொல்லல்ல. ஆனா இதவிட நல்ல கதை ஒருத்தரிட்டயும் இரிக்காது மேன். சொந்த அண்ணன்ட பேர வெட்டினவள். நேர்மை எண்டு எழுதி மாலை போட்டுருவாங்க."

"அது வேணாம் கிம்."

"ஏன் வேணாம்? சுனாமியில டச்பார்ல எங்கட ஆக்கள் எத்தின பேர் போச்சு? ஓட்றி அன்ரிய மூண்டு நாளைக்குப் பொறகுதான் எடுத்த. அந்தக் கதைய இன்டர்வியூவுல அழுது சொல்லித்தான் எனக்கு இந்த வேலையே கிடைச்ச. முதல்ல எனக்கும் வெக்கமாத்தான் இரிந்த. பொறகு யோசிச்சன். அன்ரி இரிந்திருந்தா, சொல்லு மகள், சொல்லிட்டு வேலைய எடு எண்டுதான் சொல்லியிருப்பா."

கிம் கெட்டவளில்லை. அன்றைக்குப் பின்னேரம் முழுக்க இருந்து, ஒரு வசனத்துக்கு ஒரு வசனம் திருத்தி, அந்த விடையை எழுதிக் கொடுத்தாள். கடைசி வசனத்தில் மட்டும் இருவருக்கும் இழுபறி. அண்ணன் காணாமல் போனார் என்று தக்ஷாயினி எழுதியிருந்தாள். கிம் அதை வெட்டி, இறந்துவிட்டார் என்று போட்டாள்.

"காணாம போன எண்டா, எங்க, ஆர் பிடிச்ச எண்டு கேட்பாங்க. அரசியலாப் போயிரும். செத்துட்டாரு எண்டா, ஐயோ பாவம் எண்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிருவாங்க."

சுனாமிக்கு முன்னர் தக்ஷாயினியின் குடும்பம் வாகரையில் கடற்கரையோரம் இருந்தது. அப்பா கோணாமலைக்கு ஒரு வள்ளம் இருந்தது. அவரும் அண்ணன் மதுரனும் ஒன்றாகத் தொழிலுக்குப் போவார்கள். மதுரன் தன்னாமுனையில் கலியாணம் முடித்திருந்தான். மனைவி அன்னப்பூரணி பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மீனைக் கொண்டு மதுரன் வாழைச்சேனைச் சந்தைக்குப் போனான். தக்ஷாயினி வகுப்புக்கென்று பட்டணத்தில் நின்றாள். கடல் வந்து அப்பாவையும் அம்மாவையும் வீட்டையும் வள்ளத்தையும் ஒன்றாகக் கொண்டுபோனது. மூன்று கிழமை கழித்துப் பிறந்த பிள்ளைக்கு கேதீஸ்வரி என்று பெயர் வைத்தார்கள்.

உயர்தரம் படித்து ஆங்கிலமும் பேசத் தெரிந்த பெண் என்று, தக்ஷாயினியை அந்த நிறுவனம் வாகரைக்கு எழுதுவினைஞராக எடுத்தது. முப்பத்திரண்டு பைபர் வள்ளங்கள் வரவிருந்தன. வள்ளம் இழந்தவர்களின் பட்டியலை அவளே எழுதினாள். பதினேழாவது பெயர் கோணாமலை மதுரன். எந்த விதியைப் பார்த்தாலும் அவனுக்குக் கிடைக்க வேண்டிய வள்ளம் அது.

பட்டியலை வாசிக்கப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். அவள் பதினேழாவது பெயரை வாசித்ததும் பின்வரிசையில் ஒருவர், "கிளாக்கர் புள்ளட அண்ணனுக்கு வள்ளம் தன்னால நீந்தி வரும்" என்றார். கூட்டம் சிரித்தது. வெள்ளைக்கார அதிகாரி, என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று அவளிடமே கேட்டார். வள்ளம் எப்போது வரும் என்று கேட்கிறார்கள், என்று மொழிபெயர்த்தாள். கூட்டம் கலைந்த பிறகு, ஒருவரும் கேட்காமல், ஒருவரும் சொல்லாமல், அந்தப் பெயரை வெட்டினாள். அந்த இடத்தில் சீதேவிப்பிள்ளை என்ற பெண்ணின் பெயரை எழுதினாள். புருசன் இல்லாத குடும்பம், மகன் தொழிலுக்குப் போகிறவன். அதிலும் பிழை சொல்ல இடமில்லை.

மதுரனிடம் வந்து, "கொழும்பு ஆபீஸ்ல வெட்டிப்போட்டாங்க" என்றாள்.

"சரி விடு, அடுத்த தரம் வரும்தானே" என்று மதுரன் சொல்லிவிட்டான். சீதேவிப்பிள்ளையின் மகனோடு அந்த வள்ளத்திலேயே கூலிக்குப் போனான். பதினைந்து நாளைக்கு ஒருக்கால் தன்னாமுனைக்கு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவான். அடுத்த தரம் வள்ளம் வரவில்லை. சண்டை வந்தது. 2006 ஆவணியில் பாதை பூட்டப்பட்டது. அவன் உள்ளே அகப்பட்டுக்கொண்டான். மார்கழியில் செல் விழத் தொடங்கியபோது, வள்ளம் இருந்தவர்கள் பெண்டு பிள்ளைகளோடு கடலால் வெளியேறினார்கள். இல்லாதவர்கள் காட்டால் நடந்தார்கள். அவனோடு நடந்தவர்கள் பத்துப் பேர். இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் அந்தப் பத்துப் பேரும்தான். இருட்டில் சுடுபட்டுச் சிதறி ஓடியபோது அவன் எந்தப் பக்கம் போனான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு ஐந்து வருடமாக தக்ஷாயினி அன்னப்பூரணியின் வீட்டில்தான் இருந்தாள். அது அன்னப்பூரணிக்குச் சீதனமாகக் கிடைத்த வீடு. அவள் ஒரு நாளும், உனக்கு இங்கே என்ன உரிமை என்கிற மாதிரி முகம் காட்டியதில்லை.

அன்னப்பூரணி விடியற்காலையில் இடியப்பம் அவித்து ஏறாவூரில் அப்துல் மஜீதின் கடைக்குக் கொடுத்துவந்தாள். நாளுக்கு நூற்றைம்பது. மஜீத் ஆறரை மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து எடுத்துப்போவார். வெள்ளிக்கிழமை காலை, குசினிக்குள் அவள் கொதிநீர் ஊற்றி மா குழைத்துக்கொண்டிருந்தாள். கூரைத் தகரத்தில் மழை இரைந்தது. ஈர விறகு புகைந்து கண்ணைக் கரித்தது. தக்ஷாயினி வாசல் நிலையில் சாய்ந்து நின்று, கையிலிருந்த கடதாசியைப் பார்க்காமல் அந்த விடையைச் சொல்லிப் பார்த்தாள். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ தெரியாது.

"புள்ள" என்றாள் அன்னப்பூரணி, இடியப்ப உரலில் மாவை அடைத்தபடி.

"என்ன மச்சாள்?"

"உங்க அண்ணன்ட பேரு வருகுது."

"ஓம். அது… வள்ளம் குடுத்த நேரத்துக் கதை. கேட்டாச் சொல்லோணும்."

"பேருக்குப் பொறகு 'டைட்' எண்டு ஒண்டு சொல்றாய்."

தக்ஷாயினி கடதாசியை மடித்தாள்.

"எனக்கு இங்கிலீசு தெரியா. ஆனா அந்தச் சொல்லுத் தெரியும்கா. அரசாங்கக் கச்சேரியில தாற ஃபோம்ல இரிக்கிற சொல்லு. கையெழுத்து வையுங்க, மரணச் சேட்டிபிக்கட் தாறம், காசு தாறம் எண்டு எத்தின தரம் கூப்பிட்டுட்டாங்க. நான் வெக்கல்ல. உனக்குத் தெரியும்தானே?"

"கிம்தான் அப்பிடிச் சொல்லச் சொன்ன மச்சாள். காணாம போன எண்டா வேற வேற கேள்வி கேட்பாங்களாம்."

"அப்ப உன்ட இன்டர்வியூ சுகமா முடியிறதுக்கு அவரு சாகணும்."

உரல்பிடியை அமத்தினாள். மா நூல் நூலாகத் தட்டில் இறங்கிச் சுற்றியது. ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்று தட்டு. பிறகு சொன்னாள்:

"தமிழ்ல சொல்லு கேட்பம். நான்தான் கேள்வி கேட்கிற ஆள் எண்டு நினைச்சிக்க. தமிழ்ல சரியா வந்தா இங்கிலீசுலயும் சரியா வரும். என்ட புருசன வெச்சு என்ன கதை கட்டியிரிக்கீங்க எண்டு எனக்கும் தெரியத்தானே வேணும்."

ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். அண்ணன் நல்ல தொழிலாளி, வள்ளம் கிடைக்காவிட்டாலும் உழைத்தார் என்று இரண்டு வசனத்தில் முடித்திருக்கலாம். அப்படித்தான் வாயைத் திறந்தாள். ஆனால் ஒரு கிழமையாக நாக்கில் கிடந்து உருண்ட கதைக்கு வேறு பாதை தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் தொடங்கி, பின்வரிசைச் சிரிப்பு, தான் மாற்றிச் சொன்ன மொழிபெயர்ப்பு, சிவப்புப் பேனை, சீதேவிப்பிள்ளையின் பெயர் என்று வரிசையாக வந்தது. கொழும்பில் ஒருவரும் வெட்டவில்லை என்றாள். கொழும்புக்கு அந்தப் பெயர் போகவே இல்லை என்றாள்.

சொல்லி முடித்தபோது அடுப்பில் ஏற்றிய இடியப்பம் அளவுக்கு மேல் அவிந்து தண்ணீர் விட்டுக் கிடந்தது. அன்னப்பூரணி அதை இறக்கவில்லை.

"சீதேவியக்காட வள்ளமா?"

"ஓம் மச்சாள்."

"அது அவருக்கு வந்த வள்ளமா?"

"ஓம்."

"அந்த வள்ளத்தத் தள்ளிக் கடல்ல இறக்கிவிட்டதே அவருதானாம். அகதி முகாம்ல வெச்சு சீதேவியக்கா என்ட கையப் பிடிச்சிச் சொன்ன. பதினொரு பேர் ஏறிட்டாங்க, இடமில்ல, மதுரன் தம்பி நெஞ்சளவு தண்ணியில நிண்டு தள்ளிவிட்ட எண்டு. அவட உயிரக் காப்பாத்தின மனிசன் எண்டு சொல்லி அழுத. நானும் அதக் கேட்டுப் பெருமைப்பட்டன்கா."

வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மஜீத் மழைக்கோட்டோடு குசினி வாசலில் வந்து, "என்ன புள்ளையள், ரெடியா?" என்றார்.

அன்னப்பூரணி எழும்பிக் கையைக் கழுவினாள். "இண்டைக்கு முப்பது குறையுது காக்கா. ஒரு ஈடு பழுதாப்போச்சு."

"அதுக்கென்ன, நாளைக்குப் பாப்பம்." பெட்டியை வாங்கிக்கொண்டு தக்ஷாயினியைப் பார்த்தார். "கொழும்புல பெரிய படிப்புக்குப் போறியாமே மகள். பயப்படாம கதை. அவங்களும் நம்மளப் போல மனிசர்தான். எடுபடும், இன்ஷா அல்லா."

அவர் போன பிறகு மச்சாள் அழுவாள், ஏசுவாள், வீட்டை விட்டு வெளியே போ என்பாள் என்று தக்ஷாயினி காத்து நின்றாள். அன்னப்பூரணி அவிந்து குழைந்த இடியப்பங்களை ஒவ்வொன்றாக எடுத்து வாளிக்குள் போட்டாள். வாளி நிறைந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"நீ கேட்டிருந்தா அவரே சொல்லியிருப்பாரு, வெட்டு எண்டு. தங்கச்சிக்குக் கெட்ட பேர் வரப்படாதெண்டு தன்ட கையாலயே வெட்டித் தந்திருப்பாரு. அவர எனக்குத் தெரியும். நீ கேட்கல்ல. அவரிட்டயும் கேட்கல்ல, என்னட்டயும் கேட்கல்ல. மறுகா வந்து கொழும்பு மேல பழியப் போட்டாய். ஏழு வருசம்."

"மச்சாள்…"

"இத இங்கிலீசுல சொன்னா இடம் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க எண்டு கிம் சொல்ற."

"நல்லம்" என்றாள் அன்னப்பூரணி. வாளியைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கி வேலியடிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு நான்கு நாளும் வீட்டில் சோறு இருந்தது, கறி இருந்தது, பேச்சு இல்லை. மீன் துண்டைப் பிரித்து வைப்பதில்கூட ஒரு குறையும் வைக்கவில்லை அன்னப்பூரணி. தக்ஷாயினியின் பெயர் மட்டும் அவள் வாயில் வரவில்லை. கேதீஸ்வரிதான் இடையில் ஓடித் திரிந்தாள். "மாமி, அம்மா உங்களச் சாப்பிட வரட்டாம்." "மாமி, மழை வருகுதாம், உடுப்ப எடுக்கட்டாம்." ஆறு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டாகப் பிடித்திருந்தது.

தக்ஷாயினி மா குழைக்கப் போனாள். அன்னப்பூரணி ஒன்றும் சொல்லாமல் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தேங்காய் துருவப் போனாள். திருவலையில் ஏற்கனவே அன்னப்பூரணி உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே கழிந்தன. வாவியில் தண்ணீர் ஏறி ஒழுங்கை வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்து வளவுக்காரர்கள், போன தையில் வந்த வெள்ளம் மாதிரி இந்த முறையும் வருமோ என்று பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தக்ஷாயினி கிம்முக்குத் தொலைபேசி எடுத்து, தான் போகவில்லை என்றாள்.

"விசரா மேன் உனக்கு? மச்சாள் கோவிச்சா நாலு நாள்ல ஆறிருவா. இப்பிடி ஒரு இடம் இன்னொருக்கா வருமா?"

"அவ கோவிக்கல்ல கிம். கோவிச்சா எனக்கு லேசு."

"அப்ப வேற கதை சொல்லு. முகாம்ல மா பங்கிட்ட கதையச் சொல்லு. ஆனா போ" என்றாள் கிம்.

செவ்வாய்க்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. தக்ஷாயினி குளித்து, வெளிர்நீலச் சேலை உடுத்து, கோப்பைப் பொலித்தீன் பைக்குள் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள். அன்னப்பூரணி கிணற்றடியில் தட்டுகளை உரசிக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவரு செத்த எண்டு மட்டும் சொல்லாத" என்றாள். "மத்தது உன்ட விருப்பம்."

பஸ்ஸில் வாழைச்சேனை வரைக்கும், அங்கிருந்து ஓட்டோவில். பாசிக்குடாவில் சுனாமி இடித்துப் போட்ட பழைய விடுதிகளின் அத்திவாரங்களுக்கு நடுவே புதிய ஹோட்டல் வெள்ளையடித்து நின்றது. வாசலில் நின்ற காவலாளி அவளுடைய செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தான். உள்ளே பத்துப் பதினைந்து பேர். திருகோணமலையிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் உதடும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கதை பாடமாகிக் கிடக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. யாருடைய வீட்டில் யார் செத்தார்களோ.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நரைத்த தலையோடு ஓர் அம்மா, வயதான ஒருவர், கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளையவர். அவர்களுக்குப் பின்னால் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால், முழங்கால் அளவு தண்ணீர் வெகுதூரம் போகிற அந்தக் கடல். கேள்விகள் எல்லாம் கிம்மின் தாளிலிருந்த கேள்விகள்தான். ஐந்து வருடத்தில் எங்கே நிற்பாள் என்பதை இடறாமல் சொன்னாள். பலவீனத்தைச் சொன்னாள். பிறகு நரைத்த அம்மா கேட்டார்:

"நீங்கள் எடுத்த கடினமான முடிவு ஒன்று?"

முகாமில் மா பங்கிட்ட கதையைத்தான் சொல்ல நினைத்திருந்தாள். அதற்கு ஆங்கிலமும் ஆயத்தமாகவே இருந்தது.

"எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார்" என்று தொடங்கிவிட்டாள்.

கிம் எழுதிக் கொடுத்த வசனங்கள் அதற்குப் பிறகு உதவவில்லை. இலக்கணம் பிசகியது. இடையிடையே சொல் தேடி நின்றாள். ஆனாலும் சொன்னாள். அண்ணன் இப்போது எங்கே என்று வயதானவர் கேட்டார். தெரியாது என்றாள். ஐந்து வருடமாகத் தெரியாது, மனைவியும் மகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள்.

"ஆனால் நீங்கள் செய்தது சரிதானே?" என்றார் இளையவர். "உறவை விலக்கிவைத்து முடிவெடுத்தீர்கள். அதைத்தானே நாங்கள் நேர்மை என்று பாடம் எடுக்கிறோம்?"

"நேர்மைக்காகச் செய்யவில்லை சேர். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நிற்க வேண்டும் என்று செய்தேன். என் பெயரைக் காப்பாற்ற அவருடைய பெயரை வெட்டினேன்."

"இன்றைக்கு அதே பட்டியல் உங்கள் கையில் இருந்தால்?" என்று அம்மா கேட்டார்.

தக்ஷாயினி இதற்கு ஆயத்தமாக வரவில்லை.

"எழும்பி நின்று அந்தக் கூட்டத்திடமே சொல்வேன். இவர் என் அண்ணன், இவருடைய வள்ளமும் போனது, நீங்கள் முடிவெடுங்கள் என்று. அதற்கு முதல் அவரிடம் கேட்பேன். அவருடைய மனைவியிடம் கேட்பேன். நான் ஒருவரிடமும் கேட்கவில்லை."

அம்மா எதையோ எழுதினார். இளையவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கணினியில் தரவு அட்டவணைகளைக் கையாளத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது நிமிடம். வெளியே வந்தபோது, அடுத்ததாகப் போகவிருந்த வவுனியாப் பெடியன், "அக்கா, லேசா?" என்று கேட்டான். என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஹோட்டல் மதிலோரம் போய் நின்று அழுதாள். மண் ஏற்றிய லொறி ஒன்று அவளைக் கடந்து போனது.

வீட்டுக்கு வந்தபோது அன்னப்பூரணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னன் மச்சாள்."

"செத்த எண்டா?"

"இல்ல. இரிக்காரு எண்டுதான் தொடங்கின. எங்க எண்டு தெரியா எண்டு சொன்னன்."

அன்னப்பூரணி சுளகை ஒருமுறை தட்டினாள். அன்றிரவு சோறு போடும்போது, "உப்புக் காணுமா?" என்று மட்டும் கேட்டாள். நான்கு நாளைக்குப் பிறகு அந்தக் கதையை விட்டு அவள் கேட்ட முதல் கேள்வி அது.

மார்கழி பத்தொன்பதாம் திகதி கடிதம் வந்தது. தெரிவு செய்யப்பட்ட ஐவரில் அவளும் ஒருத்தி. தை நடுப்பகுதியில் படிப்பு தொடங்கும், தங்குமிடமும் உணவும் தருவார்கள். கடிதத்தை மூன்று தரம் வாசித்தும் அவளுக்குச் சந்தோசம் வரவில்லை. குசினிக்குப் போய் அன்னப்பூரணியிடம் நீட்டினாள். அவள் ஆங்கிலக் கடிதத்தை வாங்கி, மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"கிடைச்சிட்டா?"

"ஓம்."

"அந்தக் கதையாலதானே?"

"தெரியா மச்சாள். இரிக்கலாம்."

"இரிக்கலாம் எண்டு சொல்லாத. ஓம் எண்டு சொல்லு."

"ஓம்" என்றாள் தக்ஷாயினி. பிறகு, "நான் போகல்ல. இஞ்சயே ஏதும் வேலை பார்க்கன். உங்களோடயே இரிக்கன்" என்றாள்.

"இரிந்து?" அன்னப்பூரணியின் குரல் அப்போதுதான் முதன்முதலாக உயர்ந்தது. "இரிந்து என்ன செய்யப்போறாய்? அவர்ர பேர வெட்டின கையால எனக்கு மா குழைச்சுத் தரப்போறியா? விடிய எழும்பின நேரத்திலிருந்து உன்ட முகத்தப் பார்த்துப் பார்த்து நான் என்ன நினைக்கிறதெண்டு உனக்குத் தெரியுமா? போ. அவரு போனதுல ஆருக்காவது ஒரு பிரயோசனம் வந்திட்டுப் போகட்டும்."

போனதுல என்ற சொல்லைத் தானே சொல்லிவிட்டதை உணர்ந்தவள் மாதிரி, முந்தானையை வாயில் வைத்து அமத்திக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பினாள். ஐந்து வருடமாகக் கச்சேரிக்காரருக்குச் சொல்லாத சொல். தக்ஷாயினி கிட்டப் போகவில்லை. போகத் துணிவில்லை.

தை மாதம் புறப்பட வேண்டிய நாள் வந்தது. மட்டக்களப்புக்குப் போய்க் கொழும்பு பஸ் பிடிக்க வேண்டும். விடிந்து ஏழு மணி. மஜீத் இடியப்பத்தை எடுத்துக்கொண்டு அப்போதுதான் போயிருந்தார். கேதீஸ்வரி பள்ளிக்கூட உடுப்போடு ஒழுங்கையில் தேங்கிய தண்ணீரில் குச்சியால் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது ஆகியிருந்தது. முன்பல் இரண்டும் இல்லை. நிற்கிற விதத்தில், ஒரு காலை மடித்து மற்றக் காலில் பாரம் போட்டு நிற்கிற அந்த விதத்தில், மதுரன் அப்படியே இருந்தான்.

அன்னப்பூரணி படலை வரைக்கும் வந்தாள்.

"இனி இந்தப் பக்கம் வராத எண்டு நான் சொல்லுவன் எண்டு நினைச்சிருப்பாய்" என்றாள். "அப்பிடித்தான் சொல்ல இரிந்த. ரெண்டு கிழமையா யோசிச்சன். இல்ல. நீ வரோணும்."

"வாறன் மச்சாள்."

"பாவத்துக்கு வராத. நான் சொல்றதக் கேளு. மாசத்துக்கு ஒருக்கா வா. இவளோட இரி. இவளுக்கு உன்னத் தெரிஞ்சிருக்கோணும். பத்து வயசுலயோ பன்னெண்டு வயசுலயோ ஒரு நாளைக்கு இவள் கேட்பாள், அப்பாக்கு ஏன் வள்ளம் இல்ல எண்டு. சீதேவியக்காட ஆக்கள் அவரு வள்ளம் தள்ளிவிட்ட கதைய ஊரெல்லாம் சொல்றாங்கதானே, இவள்ர காதுலயும் விழும். நான் சொல்லமாட்டன். எனக்கு ஏலாது. நான் சொன்னா உன்னச் சபிச்சுத்தான் சொல்லுவன். நீதான் இவளுக்கு முன்னால இரிந்து சொல்லோணும். அங்க அந்த மூண்டு பேருக்குச் சொன்ன மாதிரி ஒண்டும் மறைக்காமச் சொல்லோணும். கேட்டுட்டு இவள் என்ன சொல்றாளோ, அதுதான் முடிவு."

தக்ஷாயினி தலையசைத்தாள்.

"வாயால சொல்லு."

"சொல்றன் மச்சாள். நானே சொல்றன்."

அன்னப்பூரணி படலையைச் சாத்தாமல் திரும்பி உள்ளே போனாள். குசினிக்குள் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. கேதீஸ்வரி குச்சியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, பையின் ஒரு காதைத் தான் பிடித்துக்கொண்டாள். பெரிய தெருவுக்கு இருவரும் சேற்றை விலத்தி நடந்தார்கள்.

"மாமி, கொழும்புல உங்களிட்ட என்ன கேட்பாங்க?" என்றாள் பிள்ளை.

"நிறையக் கேட்பாங்க."

"எல்லாத்துக்கும் உங்களுக்கு விடை தெரியுமா?"

ஏறாவூர்ப் பக்கமிருந்து பஸ் வருகிற சத்தம் கேட்டது. தக்ஷாயினி பிள்ளையின் கையிலிருந்து பையை வாங்கினாள்.

"இல்ல மகள்" என்றாள். "ஒண்டுக்குத் தெரியா."